ஊறாத பயறு

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாய், எலிசேயோ,
ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு,
நான்கு வருடம் கழித்து,
என் வாசலையும் பக்கத்து வாசலையும் சேர்த்தடைத்து
லாரியை நிறுத்திவிட்டு.
பசிக்கிறது என்கிறாய்.
மன்னித்துவிடு என்பதைவிட
அது உனக்கு எப்போதுமே சுலபமாக வரும்.

வீட்டில் இருப்பது பயறு.
நேற்றிரவு ஊறப்போடவில்லை.
நீ வருவாய் என்று நேற்றிரவு யாருக்குத் தெரியும்?
தெரிந்திருந்தால் ஊறப்போட்டிருப்பேனா
என்பது வேறு பேச்சு.

தட்டில் கொட்டினேன். எதிரே உட்கார்ந்தாய்.
வெளிறிய ரோஜா நிறத்தில்
பழுப்புக் கீற்று ஓடும் மணிகள்.
கல் பொறுக்குவதில் இன்னும் நீ அவசரக்காரன்;
நல்லதென்று நீ ஒதுக்கிய பக்கத்தில்
இரண்டு கல் கண்டேன்.
சொல்லவில்லை.
நிலத்தை விற்ற அந்தக் கையெழுத்தைப் பற்றியும்
சொல்லவில்லை.

மூன்று தண்ணீரில் அலசி மண்பானையில் போட்டு
நாலு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர்.
அரை வெங்காயம், உரிக்காத பூண்டு,
ஒரு கரண்டி பன்றிக்கொழுப்பு.
கொதி வந்ததும் தீயைத் தணித்தேன்.
பானையின் வாய்க்கு மூடி கிடையாது,
தண்ணீர் நிரப்பிய ஒரு மண்கிண்ணம்தான்.
கீழிருந்து எழும் ஆவி அதைச் சுடவைக்கும்;
பயறு தலைகாட்டும்போது
அதிலிருந்து சாய்த்துக்கொள்ளலாம்.
பச்சைத்தண்ணீர் பட்டால் விறைத்துக்கொள்ளும் என்பார்கள்.
நான் சோதித்துப் பார்த்ததில்லை.

எவ்வளவு நேரம், என்றாய்.
இது தொலூக்கா.
வெயில் காலத்திலும் எரிமலை உச்சியில்
சில நாள் பனி தெரியும் உயரம்.
இங்கே தண்ணீர் முழுச்சூடு ஏறுமுன்பே
குதிக்கத் தொடங்கிவிடும்,
நம் வீட்டு ஆண்களைப் போல.
கடற்கரையில் இரண்டு மணி என்றால்
இங்கே மூன்றரை.
வெராக்ரூஸில் சரக்கு இறக்க வேண்டுமாம் உனக்கு.
போ என்றேன்.
நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாய்.

முதல் மணிநேரம் மழையைப் பற்றி.
இரண்டாவது மணிநேரம் உப்பைப் பற்றி.
முன்னாடியே போட்டால் வேகாது என்கிறாய்,
கடைசியில் போட்டால் உள்ளே இறங்காது என்கிறேன்.
குரல் ஏறுகிறது, மேசையில் கை விழுகிறது.
ஒரு பிடி உப்புக்கு இவ்வளவா என்று
இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது.

"ஒரு வார்த்தை கேட்காமல் விற்றாய்."
"கேட்டிருந்தால் விட்டிருப்பாயா?"

அப்போது அடுப்பு அணைந்தது.

காஸ் தீர்ந்துவிட்டது. பயறு பாதி வேக்காடு.
இந்த நிலையில் ஆறவிட்டால்
அப்புறம் எந்தத் தீயும் அதை இளக்காது என்ற பயம் எனக்கு.
தெருக்கோடியில் காஸ்காரன்
நீட்டி முழக்கிக்கொண்டு திரும்புகிறான்.
நீ ஓடினாய், ஒரு காலில் மட்டும் செருப்போடு.
தோளில் சிலிண்டரோடு வந்தாய்.
காசும் நீயே கொடுத்தாய்.
நிலத்தில் என் பங்கு ஒரு சிலிண்டரைவிடப் பெரியது, தம்பி,
இருந்தாலும் இணைப்பை நீ திருகும்போது
பின்கழுத்து வியர்த்திருந்ததைப் பார்த்தேன்.

கடைசி அரைமணியில் ஒரு கொத்து எபசோத்தே இலை.
உப்பு, நான் சொன்ன நேரத்துக்கும்
நீ சொன்ன நேரத்துக்கும் நடுவில்.

சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
பயற்றுக்கு அது செல்லாது;
ஒன்று குழைந்திருக்கும், பக்கத்தில் இருப்பது முறைத்திருக்கும்.
ஐந்து எடுத்துக் கடிக்க வேண்டும்.
நான்கு வெண்ணெய்.
ஐந்தாவதின் நடுவில் சின்னதாய் ஒரு விறைப்பு.

போதும் என்றாய் நீ.
போதாது என்றேன்.

லாரியை எடுக்கச் சொல்லி
மூன்றாம் முறையாகக் கதவைத் தட்டுகிறார்
பக்கத்து வீட்டு டாக்சிக்காரர் ஹசிந்தோ.
சாவியைத் தேடி நீ சட்டைப்பையைத் தடவினாய்.
உட்கார், என்றேன்,
அவரையும் உள்ளே கூப்பிடு.

இன்னும் அரைமணி ஆகும்.