ஷானனில் மூடுபனி

ஷட்டில் வண்டி வரவில்லை.
விடுதிக் கூடத்தில் இரண்டே பேர்:
ஒஹாயோக்காரர் ஹாஸ்கல், ரீகாவிலிருந்து நான்.
தோளில் அவருக்கு நான்கு பட்டை,
எனக்கும் நான்கு.
இருவர் ஓட்டுவதும் ஒரே ரக ஏர்பஸ்.

'வருஷத்துக்கு எவ்வளவு?' என்றார்,
காற்றின் வேகம் கேட்பதுபோல.
சொன்னேன்.
'அரை வருஷத்துக்கா?'
கேலியே இல்லை குரலில்.
அதுதான் சுட்டது.

தன் எண்ணை நாப்கினில் எழுதி
என் பக்கம் நகர்த்தினார்.
டாலரை யூரோவாக்கிப் பார்த்தேன்,
மூன்று மடங்குக்குக் கீழே இறங்க மாட்டேனென்றது.
பயிற்சிக்கு வாங்கிய கடன்
எனக்கு இன்னும் ஆறு வருஷம்.

பிறகு அவரே கழிக்கத் தொடங்கினார்:
மகளின் கல்லூரி,
முதுகை அறுத்ததற்கு வந்த பில்,
முதல் மனைவி,
வேலைக்குப் போய்ச்சேரவே இரண்டு விமானம்,
அங்கே எட்டுப் பேரோடு அடுக்குக் கட்டில்.
நாப்கினில் இடம் தீர்ந்தது.
அப்போதும் மிச்சம்
என்னுடையதைவிடப் பெரிது.

'என் பிரசவத்துக்கு
யாரும் பில் நீட்டவில்லை' என்றேன்.
தலையசைத்தார்,
அந்நிய நாட்டு வானிலை அறிக்கை கேட்டவர்போல.

கதவு சாத்தி, சக்கரம் உருண்டால்தான்
இருவருக்கும் காசு.
ஜன்னலில் ஓடுபாதையே இல்லை.

காப்பிக்கு அவர் பர்ஸை எடுத்தார்.
வேண்டாமென்று கையசைத்தேன்,
மிக மெதுவாக.