பயன்பாடு: பூஜ்யம்

ஜூன் மாத பில்லை நீட்டி
இவ்வளவு எதற்கு என்றார் ஹிஷாம்.
களையெடுக்க உட்கார்ந்தேன்,
ஷார்ஜா அல் நஹ்தாவில், ஏசி ஒழுகும் அறையில்,
வாளியைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டு.

ஊருக்குப் பணம் அனுப்பும் செயலி.
மேகத்தில் இருப்பதாக விற்பனைக்காரர்கள் சொல்வார்கள்.
இருப்பது பஹ்ரைனில், ஏதோ ஒரு கட்டடத்தில்.
ஒரே டேபிளுக்கு முப்பத்தொரு இண்டெக்ஸ்.
ஒரு வரி புதிதாக விழுந்தால்
முப்பத்தொரு இடத்தில் பதிய வேண்டும்.
சம்பள நாளில் அதற்கு மூச்சிரைக்கும்.

பெயருக்கு ஒன்று வைத்திருந்தார்கள். வீண்.
செய்யது, சையத், ஸய்யிது, சையது:
ஒரே ஆள் நாலு எழுத்துக்கூட்டில்
நாலு கவுண்டரில் நிற்கிறான்.
தூக்கினேன்.
மூடிப்போன கிளைகளுக்கு ஒன்று. தூக்கினேன்.
அப்புறம், வாரிசுதாரர் கைப்பேசி எண்.
பயன்பாடு: பூஜ்யம்.
மார்ச்சில் பதிப்பு மாற்றியபோது
கணக்கெல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கியது
அந்த நேரம் நினைவில் இல்லை.
தூக்கினேன்.
மாதம் நூற்று நாற்பது திர்ஹம் மிச்சம்.
ஹிஷாம் கட்டைவிரல் அனுப்பினார்.

ஒன்பது நாள் கழித்துக் காலையில்
மெதுவான தேடல்களின் பட்டியலில்
ஒரே எண், பதினொரு தடவை.
இரவு இரண்டு பதினாலு முதல் இரண்டு முப்பத்தொன்று வரை.
முதல் வரியிலிருந்து ஒவ்வொரு ஆளாகத் தட்டித் தட்டி
இரண்டு கோடிப் பேரைக் கேட்டுக்கொண்டே போய்
நாற்பதாவது நொடியில் அறுந்திருக்கிறது.
மறுபடி முதலிலிருந்து.

இரவு டெஸ்கில் இருந்த பௌசியாவைக் கூப்பிட்டேன்.
"ஒரு பொம்பள. வீட்டுக்காரர் நாலு நாளா போன் எடுக்கலையாம்.
எந்தக் கேம்ப்புன்னு மட்டும் சொல்லுங்கன்னாங்க.
அவங்க நம்பரத்தான் போட்டுப் போட்டுப் பாத்தேன், சுத்திக்கிட்டே இருந்துச்சு."
அப்புறம்?
"காசு தீந்துருச்சு போல. கட்டாயிருச்சு."

திரும்பக் கட்டினேன்,
டேபிளைப் பூட்டாமல், யார் வேலையும் நிற்காமல்.
பன்னிரண்டு நிமிடம்.
அந்த எண்ணைப் போட்டேன். கண் சிமிட்டுமுன் வந்தது:
சஜா, ஏழாம் பிளாக், அறை இருபத்தாறு.
கடைசியாக அனுப்பியது ஜூன் இருபத்தெட்டு,
அறுநூறு திர்ஹம்.

பயன்பாடு: ஒன்று.
அது நான்தான்.

கேம்ப் அலுவலகத்தின் எண்ணும் கிடைத்துவிட்டது.
முதலில் அங்கே கேட்பதா, அந்த அம்மாவிடம் பேசுவதா
என்று இன்னும் அழுத்தாமல் வைத்திருக்கிறேன்.
வாளி நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர்.