அகழியோரம், ஐந்தேகால்

ஒரே ஒரு ரிங்.
அதோடு நின்றுவிடும் போன்.
மெஹ்தாப் கிளம்பிவிட்டாள்.
இனி நான் படுத்திருக்க முடியாது.

கோட்டை அகழியை ஒட்டி நடக்கிறோம்.
பூங்கா வாசல் வரை பேச்சில்லை,
என் முழங்கால் மட்டும் முனகும்.
அப்புறம் அவள் மேனேஜரைத் திட்டத் தொடங்குவாள்
(மேல்விஷாரம் தோல் கம்பெனி, கணக்குப் பிரிவு).
திட்டு ஏற ஏற
நடையும் ஏறும்.
ஓட்டமும் நடையுமாய் நான்
"அப்புறம்?" என்பேன்,
மூச்சு வாங்குவதே மறந்து.

அவள் ஊரில் இல்லாத மூன்று நாளும்
பாதையைவிட
கைக்கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

இருநூற்றுப் பத்திலிருந்த சர்க்கரை
நூற்று நாற்பதுக்கு இறங்கியதை
மாத்திரையின் கணக்கில் எழுதிக்கொண்டார் டாக்டர்.
எழுதட்டும்.

நேற்று விடியலில் தூறல்.
போர்வைக்குள் கிடந்து வேண்டிக்கொண்டேன்:
இன்றைக்கு மட்டும் அடிக்காதே.
அடித்தது.

குடையோடு போனால்
முக்காடு நனைய நின்றிருந்தாள்.
"நீ ஷூ மாட்டிட்டு உக்காந்திருப்பியேன்னுதான்
அடிச்சேன்.
இல்லன்னா நல்லா தூங்கியிருப்பேன்."

அகழி நீரில்
மதில் தலைகீழாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.
நானும் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் அவள்
பத்தடி முன்னால்.