பதினான்காம் எண்

ஜெலுத்தோங் மாமாக் கடையில்
திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் கத்தினோம்.
தட்டிலிருந்த ரொட்டி சானாய்கூடப் பயந்திருக்கும்.

"யாரு கோல் போட்டது?"
கல்லாவிலிருந்து எழுந்தேவிட்டார் நைனா முகம்மது.
சுவர்த் தொலைக்காட்சியில் நேற்றைய ஆட்டம்,
அதில் யாரும் கோல் போடவில்லை.
நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது
பால் டின்னில் சாய்த்துவைத்த
சியூ மேயின் விரிசல் விட்ட கைப்பேசியை.

பொம்மைப் படம் மாமா, என்றான் தினகரன்.
மூணாவது விருது.
அவனுக்கு இன்று வயிற்றுப்போக்கு என்று எம்.சி.
யோகமலருக்குக் கண்வலி.
நான் மட்டும் யோக்கியம்,
இரவு வேலை முடிந்து நேராக வந்தவள்.

நான்கே நாள் ஓடிய படம் இங்கே.
கடைசிக் காட்சிக்குப் பதினொரு பேர்.
பெயர்களெல்லாம் ஏறி முடியும்வரை
எழாமல் இருந்தது நான்கு பேர்.
கூட்ட வந்த பையன்
துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்றான்,
அவனோடு ஐந்து.
அதோ எதிரில், அழுதுகொண்டே
அரைவேக்காட்டு முட்டை சாப்பிடுகிறானே,
ஹஃபிஸ், அவன்தான்.

கதையென்று சொன்னால் ஒன்றுமில்லை.
தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்துக்கு
ஓர் இரவுக் காவலாளி.
கம்பி எலும்பு. களிமண் முகம்.
யாரும் மூழ்கிவிடக் கூடாதே என்று
விடியும்வரை சுற்றிச் சுற்றி வருகிறான்.
அவன் தலையைத் திருப்ப ஒரு பகல் ஆனதாம்
எடுத்தவர்களுக்கு.
கொட்டாவிக்கு ஒரு வாரம்.

எனக்கு வேலை பாயான் லெப்பாஸில்,
நுண்ணோக்கிக்குக் கீழே.
சிப்பில் கீறல் என்றால் மூன்று என்று எழுத வேண்டும்.
தூசி ஏழு.
கைரேகை பதினான்கு.
பதினான்கு விழுந்தால் தட்டு முழுக்கக் குப்பைக்கு.
மேற்பார்வையாளர் வந்து
யாருடைய கை, யாருடைய கை என்பார்.
பன்னிரண்டு வருடமாக
அது யாருடைய கையும் இல்லை.

அன்று திரையில்
காவலாளியின் கன்னத்தில் விளக்கு விழுந்தபோது பார்த்தேன்,
ஒரு கட்டைவிரல்.
அழிக்காமல் விட்டிருந்தார்கள்.
அடுத்த கணம் அது சற்று நகர்ந்தது,
அதற்கடுத்த கணம் இன்னும் சற்று.
கன்னம் மூச்சு விட்டது.
பதினான்கு, பதினான்கு, பதினான்கு என்று
வாய்க்குள் எண்ணியபடி அழுதேன்.
பக்கத்து இருக்கைக்காரி டிஷ்யூ தந்தாள்.
யோகமலரை அப்படித்தான் தெரியும்.

மேடையேறிய பெண்ணின் கட்டைவிரலில்
பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.
பெயர்களை வாசித்தாள்.
பதினேழாவது பெயரில்
வாத்தியங்கள் எழும்பி அவளை மூழ்கடித்தன.
நம்ம ஆளு இருந்திருந்தா குதிச்சிருப்பான், என்றாள் யோகமலர்.
மீதிப் பெயர்களை நாங்கள் சொன்னோம்,
மனப்பாடம்.
தச்சர்கள், தையல்காரர்கள்,
குட்டிச் சட்டைக்குக் குட்டிப் பொத்தான் செய்த ஒருவர்.
பக்கத்து மேசை லாரி ஓட்டுநர்
எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்.

பிறகு, கொண்டாடுவது எப்படியென்று தெரியவில்லை.
கொடி கிடையாது. பட்டாசு கிடையாது.
நாம் என்ன கட்சியா.
சியூ மேய் தே தாரே கிளாசை
அரை விரல் நகர்த்திப் படம் எடுத்தாள்.
இன்னொரு அரை விரல்.
அப்புறம் எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.
நகர்த்து. கையை எடு. கிளிக்.
நகர்த்து. எடு கையை. கிளிக்.
மேசையை ஆட்டாதே ஹஃபிஸ்.
முப்பத்தாறு படத்துக்கு நாற்பது நிமிடம்.
கிளாஸ் மேசையைக் கடந்து
குழம்புக் கிண்ணத்தின் பக்கத்தில் போய் நின்றபோது
தே ஆறி ஆடை கட்டியிருந்தது.

ஓட்டினால் மூன்று நொடி.
நடுவில் ஏதோ மின்னி மறைந்தது.
பதினோராம் படத்தின் ஓரத்தில்
பெரிதாக ஒரு விரல்.
"யாரோட கை இது? வெட்டிடலாம்" என்றான் தினகரன்.
என்னுடையது, என்றேன்.
இருக்கட்டும்.

"இன்னொரு தடவ போடு."
துண்டில் கை துடைத்தபடி நைனா முகம்மது.
போட்டோம்.
"அந்தக் கிளாசு என்னுதுதானே?"
உங்களுடையதுதான் மாமா.
"நடக்குதே."

நடக்குதே, நடக்குதே என்று
கல்லாவரை சொல்லிக்கொண்டே போனார்.
கணக்கில் மட்டும்
பத்துக் காசு குறைக்கவில்லை.