அட்டை நிலாக்காரி

மஞ்சக்குப்பத்தில் என்னிடம் ஒரு நிலா இருக்கிறது.
பிளைவுட்டில் அறுத்தது, ஐந்தடி உயரம்,
அலுமினியப் பெயின்ட் இரண்டு கோட்.
காது குத்திய பிள்ளைகளை
அதன் வளைவில் உட்காரவைத்து
பின்னால் நீலத் துணி இழுத்து
ஜிகினா நட்சத்திரம் ஒட்டிப்
படமெடுத்துப் பிழைக்கிறேன்.

ஆகவே பொய் நிலாவைப் பற்றி
என்னிடம் பேசாதே, பாடலி.

தேவனாம்பட்டினம் மண்டபத்தில் ரிசப்ஷன் முடிந்து
கேபிள் சுற்றும்போதுதான் ஆரம்பித்தான்.
"அந்தப் படத்துல வானத்துல
ஒரு நட்சத்திரம்கூட இல்லியே அக்கா?"

டேய்,
இன்று நாம் எடுத்த எண்ணூறு படத்தில்
நட்சத்திரம் எங்கே?
மொட்டைமாடியில் பெண்ணை நிறுத்தினோம்.
அரக்குப் பட்டு, முகத்துக்கு நேரே ஃபோகஸ் லைட்.
சரிகை வெளுத்துவிடக் கூடாதென்று
ஷட்டரைச் சுருக்கச் சொன்னது நீதான்.
அவள் தலைக்கு மேல் வானம் கரிச்சட்டி.
அதற்காகக் கல்யாணமே நடக்கவில்லை என்பாயா?
மொய் எழுதியவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

"கொடி ஆடுதே?"
குறுக்கே கம்பி கொடுத்திருக்கிறான்,
நீ ஃபிளெக்ஸுக்குக் கொடுப்பதுபோல.
நட்டவன் கை ஆட்டியது.
அடக்கக் காற்றில்லாத ஊரில்
ஆடினது கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

எனக்கு அதெல்லாம் பெரிதில்லை.
புழுதிதான்.
அங்கே வண்டிச் சக்கரம் வாரியடித்த புழுதி
வில்லாக எழும்பி அப்படியே விழுகிறது.
சிப்காட் ரோட்டில் ஒரு லாரி போனால்
அடுத்த லாரி வரும்வரை புழுதி நிற்கும்.
என் நீலத் துணியை உதறினால்
லைட்டுக்கு முன்னால் கால்மணி நேரம் மிதக்கும்.
துடைத்துத் துடைத்து எனக்குத் தெரியும்:
புழுதியிடம் எந்த டைரக்டரும்
"மிதக்காதே" என்று சொல்ல முடியாது.

அவனைத் திட்டவும் மனசில்லை.
நெல்லிக்குப்பம் சீட்டுக் கம்பெனியில்
மூன்று லட்சம் போனவன்.
அதற்கு முன்பு அவன் எதையும் கேட்டதில்லை,
பிறகு எதையும் விட்டதில்லை.

"ஒனக்கு ஏங்கா இவ்ளோ கோவம்?"

தானே அடித்த மறுவாரம்
ராசாப்பேட்டையில் கூரை போன
நாற்பத்தோரு வீட்டைப் படமெடுத்துக் கொடுத்தேன்.
மேஜைக்குப் பின்னாலிருந்தவர்
ஒன்றைத் தூக்கிப் பிடித்து
"செட் பண்ணி எடுத்தாப்புல இருக்கே" என்றார்.
படத்திலிருந்தவள் என் பக்கத்தில் நின்றாள்.
அதே நைட்டி. முழங்கையில் அதே கட்டு.
மெமரி கார்டை நீட்டினேன், வாங்கவில்லை.

சந்தேகத்துக்குக் காசு கிடையாது, பாடலி.
சரிபார்க்கத்தான் பஸ் டிக்கெட் ஆகும்.
ராசாப்பேட்டை ஒன்றும் நிலாவில் இல்லை.
அவர் வரவில்லை.

கேபிளை மூட்டையாகக் கட்டினான்.
நானே விடாமல் சொன்னேன்:
சம்பந்தி வீட்டு சாம்பாரில் உப்பில்லையென்றால்
சிதம்பரம் வரை சொல்கிற ஆட்கள் நாம்.
போட்டியில் தோற்ற ருஷ்யாக்காரன்
பொய்யென்று தெரிந்தால் சும்மா இருந்திருப்பானா?
அங்கே வைத்த கண்ணாடி இன்னும் இருக்கிறது,
லாரி முதுகில் ஒட்டும் சிவப்புப் பட்டை மாதிரி;
இங்கிருந்து லேசர் அடித்தால்
இரண்டரை நொடியில் திரும்பி வருகிறது.

"கண்ணாடிய ஆளில்லாமலே எறக்கலாமே?"

இறக்கலாம். ருஷ்யாக்காரன் அப்படித்தான் இறக்கினான்.
நல்ல கேள்வி.
ராத்திரி பூரா இதுதான் முதல் கேள்வி.
கண்ணாடியை விடு.
கல்லை எடுத்துக்கொள்,
முந்நூற்றெண்பது கிலோ, தண்ணீர் காணாத கல்.
ஊர் ஊராகக் கொடுத்து அரைத்துப் பார்த்தார்கள்.
நம் சந்திரயானும் மேலேயிருந்து பார்த்தது:
விட்டுவந்த வண்டியின் அடிப்பாகம்,
பக்கத்தில் அதன் நிழல்.

என் அட்டை நிலாவுக்கு எப்போதும் இரண்டு நிழல்,
லைட்டுக்கு ஒன்றாக.

மணி இரண்டு. ஆட்டோ கடற்கரை முனையில்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.
நிலா மேற்கே சாய்ந்திருந்தது.
கடைசி தெருவிளக்கு வரை
ஆளுக்கு இரண்டு நிழல்.
அதைத் தாண்டி மணலில் இறங்கியதும்
ஒன்று கழன்றுபோனது.

பாடலி கீழே பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
டிரைபாடை மறு தோளுக்கு மாற்றினான்.
நிழலும் மாற்றியது.