முப்பது ராத்தல்

மஸ்ஜித் பந்தரில் ஷப்பீர் கடை.
கண்ணாடிக்குள் நரம்புச் சுருள்கள்:
பத்து, இருபது, முப்பது, ஐம்பது ராத்தல்.
எல்லாம் கிலோவுக்கு மாறிவிட்ட ஊரில்
தூண்டிலுக்கு மட்டும்
இன்னும் வெள்ளைக்காரன் எடைக்கல்.

எத்தனை கிலோ மீன், என்கிறார்.
பிடிக்காத மீனுக்கு
எப்படி எடை சொல்வது?
கைகளை அகட்டிக் காட்டினேன்.
அவர் பார்க்கவில்லை.
அந்தக் கடைக்குள்
எல்லோர் கையும் அதே அகலம்தான்.

எனக்கு லிஃப்ட் வேலை.
பெட்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்த்துக் கூட்டி
பன்னிரண்டு மடங்கு தாங்கும் வடம் போடுவோம்.
அதற்குக் குறைந்தால் என் கையெழுத்து விழாது.
அந்தப் புத்தியோடு வந்தவன்
எட்டுக் கிலோ கொடுவாவுக்குக்
கப்பல் வடம்தான் கேட்பான்.

ஐம்பதைத் தொட்டேன்.
ஷப்பீர் சிரித்தார்.
தடித்த நரம்பு தூரம் போகாது,
நீரோட்டம் அதைப் பிடித்து வில்லாக வளைக்கும்,
தவிர, நரம்பு அறாவிட்டால் கம்பு முறியும்,
கம்பு முறியாவிட்டால் மீனின் உதடு கிழியும்.
"ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும் சாப்,
அது மலிவானதாக இருக்கட்டும்"
என்றார் இந்தியில்,
பில் எழுதிக்கொண்டே.

பத்து ராத்தல் என்றால்?
மீன் வரும். விடியும்வரை வந்துகொண்டே இருக்கும்.
ஐரோலி பாலத் தூண்களில்
கொட்டலசு அரம்போல அப்பிக் கிடக்கிறது.
முள் தைத்ததும் அங்கேதான் பாயும் அது.
நிறுத்தத் தெரியாத நரம்பு
வழியனுப்பிவிட்டு வரும்.

முப்பது வாங்கினேன்.
முன்னால் கட்ட ஒரு பாகம் அறுபது,
கொடுவாவின் செவுள்மூடியில் கத்தி இருக்கிறது.
ஹேமந்த் பாட்டீலின் படகில்
தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்து
ரீலின் பிரேக்கைப் பத்தில் நிறுத்தினேன்.
மூன்றில் ஒரு பங்கு. தண்ணீரில் அதுதான் சட்டம்.
வாடகை, சீட்டு, மகள் ஃபீஸ்
எதிலும் எனக்கு
இவ்வளவு சுத்தமாகக் கணக்கு நின்றதில்லை.

அமாவாசை கழிந்து இரண்டாம் இரவு.
வத்தம் தொடங்கி
அலையாத்தி வேர்கள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தபோது
அடித்தது.

ரீல் கத்தியது. கம்பு குனிந்தது.
தூணுக்கு ஓடியதைத்
தூணுக்கு ஒரு முழம் முன்னால் திருப்பினேன்.
முப்பது தாங்கியது!
டார்ச் வெளிச்சத்தில் இரண்டு தணல் கண்கள்.
"ஜிதாடா" என்றான் ஹேமந்த்,
உரக்கச் சொன்னால்
பேர் கேட்டுத் திரும்பிவிடும் என்பதுபோல.

பிறகு அது எழும்பியது, முழுதாக,
முலுண்ட் பக்கத்து விளக்குகளுக்குக் குறுக்கே,
தலையை ஒரு உதறு.

கம்பு நிமிர்ந்துகொண்டது.

நரம்பின் நுனியை வெளிச்சத்தில் பிடித்தேன்.
செவுள் வெட்டியிருந்தால் நறுக்கென்று இருக்கும்.
கொட்டலசு உரசியிருந்தால் பஞ்சாகப் பிரிந்திருக்கும்.
இது சுருண்டிருந்தது,
பன்றிக்குட்டி வாலாட்டம்.

முப்பதும் அறவில்லை.
அறுபதும் அறவில்லை.
அவிழ்ந்திருக்கிறது.

முள்ளில் நான் போட்ட முடிச்சு.
ஐந்து சுற்று. நாலோடு விட்டேனோ என்னவோ,
அப்போது ஃபோன் வந்தது.
எச்சில் தொட்டு இறுக்கினேனா?
நினைவில்லை.
ஹேமந்த் ஒன்றும் கேட்காமல் பீடியை நீட்டினான்.

திங்கள்கிழமை காட்கோபரில் பதினேழு மாடி.
பெட்டிக் கூரையில் ஏறி நின்று
வடத்தைக் கந்தலால் துடைத்து, தடவி,
'சரி' என்று எழுதி இறங்குவது வழக்கம்.
அன்று வடத்தைப் பார்க்கவேயில்லை.
அது பெட்டியைப் பிடித்திருக்கும் இடத்தில்
மண்டி போட்டேன்.
நாலு வடம், நாலு முனை.
ஒவ்வொரு ஆப்பாக, ஒவ்வொரு திருகாணியாக,
விளக்கைக் கிட்டக் கொண்டுபோய்.

கீழே யாரோ
பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.