நான்காம் எண் அணையாதிருக்கக் காரணம்

நகராட்சிக் கட்டடத்தின் நிலவறையில்
எட்டு சர்வர்கள்.
மேலே ஹிர்விலம்பி தூங்குகிறது,
ஃபின்லாந்தின் பனிக்குள் கழுத்துவரை.

ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒண்டுக்குடித்தனம்:
பள்ளி வருகைப் பதிவு, நூலகம்,
கல்லறைத் தோட்டத்தின் இட வரைபடம்,
பனி அள்ளும் வண்டிகளின் டீசல் கணக்கு,
கைவிடப்பட்ட திட்டமொன்றின் இணையதளம்.
அதை மூடக் கையெழுத்திட வேண்டியவர்
ஓய்வுபெற்றுவிட்டார்.

இரவு இரண்டு மணிக்கு
எட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு
நூற்றுக்கு ஆறு பங்கு வேலையை
ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பிசைந்துகொண்டிருந்தன.
மின்கட்டணம் மட்டும் முழுச் சம்பளம்.

அக்டோபரில் எழுதினேன்,
நூற்று நாற்பது வரியில் ஒரு நிரல்.
பத்து மணிக்குமேல் சுமை குறைந்தால்
குடியிருப்பவற்றைக் கூடு விட்டுக் கூடு பாய வை,
நூலகத்தில் தேடுகிறவருக்குக்கூடத் தெரியாமல்.
காலியான உடலை அணை.
ஒன்றும் இரண்டும் போதும் ஊருக்கு.
மூன்று, என் பயத்துக்கு.

அணைந்தது முழுக்க அணைவதில்லை.
வலை அட்டை மட்டும் கோழித்தூக்கத்தில்,
ஒரு பச்சைப் பொட்டாக.
காலை ஐந்தரைக்கு அதற்கு ஒரு செய்தி போகும்.
மந்திரப் பொட்டலம் என்கிறது கையேடு.
முதலில் ஆறு முறை ஒரே எழுத்து,
தொண்டையைச் செருமுவதுபோல.
பிறகு அதன் பெயர்,
அதன் பெயர் மட்டும்,
பதினாறு முறை.
பதினைந்தோடு நிறுத்தினால் எழாது.
என் மகன் காப்போவுக்குப் பதினேழு வேண்டும்.

நவம்பர்க் கூட்டத்தில்
பெர்த்தி வரைபடத்தைத் திரையில் போட்டார்.
ஒரு சரிவு, பிறகு உறைந்த ஏரிபோலத் தட்டை.
"நல்லாத்தான் இருக்கு, ஹில்க்கா."
இன்னொரு சுற்று காப்பி ஊற்றினார்கள்.
எங்கள் அலுவலகத்தில் அது கைதட்டல்.

ஜனவரி. சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
ஆறாம் எண் எழ அடம்பிடிக்கிறதென்று
எழும் நேரத்தில் பக்கத்தில் நிற்க
ஐந்துக்கே வந்தேன்.
உள்ளே ஔலிஸ், பனி வண்டி ஓட்டுகிறவர்.
இடக்கையில் இரண்டு கையுறை, பிழிந்தால் சொட்டும்.
வலக்கையால் நான்கின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்,
குதிரைக்கு உடம்பு சரியில்லையோ என்பதுபோல.

"செத்துப்போச்சா இது?"
"இல்லை. ராத்திரி தூங்க வைக்கிறோம்."
"எப்போலேர்ந்து?"
"அக்டோபர்."
தலையாட்டினார்.
மூன்று மாதம் ஈரக் கையுறையோடு ஓட்டியவர்
கேட்டது அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருடப் பழக்கமாம்.
முதல் சுற்று முடிந்ததும் இங்கே இருபது நிமிடம்,
பிறகு பாலம்வரை மறு சுற்று.
மற்றவை சுவரை ஒட்டி நிற்கின்றன;
நான்கின் பின்னால்தான் கை நுழையும்.

எல்லாச் சுமையையும் அளந்திருந்தேன் நான்.
செயலி, நினைவகம், வட்டு, வலை,
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை.
ஒரு ஜோடிக் கையுறையின் ஈரத்துக்கு
அட்டவணையில் கட்டமே இல்லை.

ஐந்தரை.
விசிறிகள் ஒவ்வொன்றாய் மூச்சிழுத்தன.
ஆறு எழவில்லை. கம்பி தளர்ந்திருந்தது.
நான்கின் முதுகு வெதுவெதுக்க ஏழு நிமிடம் ஆயிற்று.
இருவரும் பேசாமல் நின்றோம்.

அன்று மாலை நிரலைத் திறந்து
மூன்றைத் தூங்கப்போகச் சொன்னேன்,
அதன் இடத்தில் நான்கு.
காரணம் எழுதாமல் மாற்றத்தை ஏற்காது அது.
நானே வைத்த சட்டம்.
'அவசர இருப்பு' என்று அடித்தேன். அழித்தேன்.
'வெப்பச் சமநிலை.' அழித்தேன்.
பிறகு ஒரே சொல்: கையுறை.

பெர்த்தியின் ஏரி அப்படியே தட்டையாகத்தான் இருக்கிறது.
நள்ளிரவில் எடுத்துவந்த காப்புப்பிரதியை மட்டும்
நாலரைக்கு மாற்றியிருக்கிறேன்,
முழுக்க நான்கின் தலையில்.
கொஞ்சம் வியர்க்கட்டும்.